3.5 சதவீதத்தைத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது யார்?

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் வாப்பாமார்களே, உம்மாமார்களே! அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து போய் வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறங்கள். பீரோ என்றால் பீரோவைத் திறங்கள். உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எங்கே? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் ஒரிஜினல் எங்கே? வருமானச் சான்று இந்த ஆண்டு எடுத்ததா, மூன்று ஆண்டுக்கு முந்தையதா?

ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்து மேசை மேல் வைக்க முடிந்தால், அல்ஹம்துலில்லாஹ்! இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து விடுங்கள். எடுக்க முடியவில்லையா? அப்படியானால் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். கோபம் வந்தாலும் படியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவம். ஊர் பெயர் வேண்டாம். நம்முடைய எந்த ஊராகவும் அது இருக்கலாம். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு பையன் கையில் பிளாஸ்டிக் பையோடு என் முன்னால் வந்து நின்றான்.

"ஹஜ்ரத், தாலுகா ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

பையை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் நல்ல மதிப்பெண். இயற்பியல், வேதியியலிலும் குறைவில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவில் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் பைக்குள் சாதிச் சான்றிதழ் இல்லை! கடைசி நாள் திங்கட்கிழமை. இடையில் சனி, ஞாயிறு.

"இத்தனை நாள் என்ன செஞ்சே தம்பி?" என்று கேட்டேன்.

"வாப்பா சவூதியில இருக்காங்க ஹஜ்ரத். வாப்பாவோட டி.சி.யைத் தேடித் தேடிப் பார்த்தோம். போன வாரம்தான் பெரியம்மா வீட்டுப் பரண்ல கெடைச்சுது. அதுல வெறும் இஸ்லாம்னுதான் போட்டிருக்கு. வேற தாள் கொண்டு வரச் சொல்றாங்க" என்றான்.

இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை பொதுப்பிரிவில் தள்ளப்பட்டு, கடைசியில் உம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்தான்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. அதே ஊரில், அதற்கு முந்தைய மாதம்தான் நான் மேடையேறி இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பையன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். இட ஒதுக்கீட்டின் வரலாறு முழுவதையும் எடுத்து வைத்த நான், அந்த இட ஒதுக்கீட்டை வாங்க எந்தத் தாள் வேண்டும், அதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி சொல்லவில்லை! ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நான்தான். மற்றவர்கள் எனக்குப் பின்னால் வரிசையாக வாருங்கள்.

கேட்டோம், கிடைத்தது, பிறகு?

2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு, 2006 நவம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளங்கலை படிப்பவர்களில் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம், முதுகலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று அது சொன்னது. 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாம் 13.4 சதவீதம். மேடைகளில் இந்தக் கணக்கை எத்தனை முறை சொல்லியிருப்போம்!

2007இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு சட்டமானது. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திலிருந்து அந்த 3.5ஐப் பிரித்துக் கொடுத்தார்கள். இருநூறு இடங்கள் உள்ள ஒரு அரசுக் கல்லூரியில் ஏழு இடம் நமக்கு. இந்த ஏழுக்காக எத்தனை மாநாடு! எத்தனை பேரணி! கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற தாய்மார்கள் எத்தனை பேர்!

மூன்றரை போதாது, உயர்த்திக் கொடு என்று இன்றும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? கிடைத்த மூன்றரை யாருக்குப் போகிறது?

நல்ல கல்லூரிகளில் அந்த இடங்கள் நிரம்பத்தான் செய்கின்றன. யாரால் நிரம்புகின்றன? வாப்பா அரசு ஊழியராக இருக்கும் வீட்டுப் பிள்ளையால் நிரம்புகின்றன. அண்ணன் ஏற்கனவே கல்லூரிக்குப் போன வீட்டுப் பிள்ளையால் நிரம்புகின்றன. அந்த வீடுகளில் சான்றிதழ்கள் பதினோராம் வகுப்பிலேயே ஃபைலில் ஏறிவிடுகின்றன. அவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள். ஆனால் கறிக்கடைக்காரர் மகனுக்காக, பீடி சுற்றும் உம்மாவின் மகளுக்காக, வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவரின் பிள்ளைக்காக என்று சொல்லித்தானே நாம் கேட்டோம்? அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் இருந்தும் தாள் இல்லாததால் இடம் கைநழுவிப் போகிறது என்றால், யாருக்காகக் கேட்டோமோ அவனிடம் அது போய்ச் சேரவே இல்லை என்றுதானே பொருள்? சட்டமன்றத்தில் வென்றதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் தோற்கிறோம்.

"நமக்கு ஏது சாதி?"

நம் மக்களிடம் ஒரு பெருமை உண்டு. 'நமக்கு ஏது சாதி? நாம் முஸ்லிம்' என்பார்கள். மாஷா அல்லாஹ்! பள்ளிவாசல் ஸஃப்பில் அது சரி. ஆனால் இட ஒதுக்கீடு 'முஸ்லிம்' என்ற ஒரு சொல்லுக்குக் கொடுக்கப்படவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசின் பட்டியலில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இந்த ஏழில் உங்கள் குடும்பம் எது என்று சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது மதம் என்ற இடத்திலும் இஸ்லாம், சாதி என்ற இடத்திலும் இஸ்லாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோமே, அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு வருடம் கழித்து வழியை மறிக்கிறது. ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். வாப்பாவின் டி.சி., பெரியப்பாவின் சான்றிதழ், கூடப்பிறந்தவர்களின் சான்றிதழ் என்று தேடல் தொடங்குகிறது.

இந்தத் தேடல் ஒரு வாரத்தில் முடியுமா? இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக ஏறி வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் முடிய வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே நிற்கும். தேர்வு முடிவு வந்த பிறகு ஊரே அந்த ஒரு மேசை முன்னால் போய் நிற்கிறது.

சாதிச் சான்றிதழை ஒருமுறை முறையாக வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லை. அப்படியிருக்க, அதை மே மாதத்துக்கு ஏன் ஒத்தி வைக்கிறீர்கள்? வருமானச் சான்றுதான் ஓராண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதைப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது புதுப்பித்தால் போதும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மாநில அரசின் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் ஒதுக்கீடு கேட்க முடியாது. அதற்கு ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேற்பட்ட வசதியான பிரிவில் நாம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் சான்று அது. புதிய நிதியாண்டு பிறந்தால் புதியது கேட்பார்கள். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்து அதன்படி வாங்குங்கள். நீட் எழுதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் பிள்ளையும், ஜே.இ.இ. எழுதும் பிள்ளையும் இந்தச் சான்று இல்லாமல் போய் நின்றால், அங்கேயும் பொதுப்பிரிவுதான்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை முஹம்மது?

நம் பெயர்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முஹம்மது. ஆதாரில் முகமது. ரேஷன் கார்டில் மொஹமத். வங்கிக் கணக்கில் 'எம்.டி.' என்று சுருக்கம். இங்கிலீஷில் ஒருவர் 'ஓ' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் 'யூ' போட்டு எழுதுகிறார். இனிஷியல் ஒரு தாளில் முன்னால், ஒரு தாளில் பின்னால், இன்னொரு தாளில் வாப்பாவின் முழுப் பெயராக. ஃபாத்திமா பேகம் என்று ஒன்றில், ஃபாத்திமா பீவி என்று மற்றொன்றில்.

ஊரில் எல்லோருக்கும் அது ஒரே பிள்ளைதான். கம்ப்யூட்டருக்கு அவை நான்கு பேர்! பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். உதவித்தொகை வந்தும் வங்கிக் கணக்கில் ஏறாது.

இதைச் சரி செய்ய ஒரு விதி போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன எழுத்தோ அதுவே மூலம். மற்ற எல்லாத் தாளையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே தவறு வராமலிருக்க வேண்டுமா? பொதுத் தேர்வுக்கு முன் பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியல் தயாரித்துப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கு எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டுப் பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய அலைகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மே மாதத்தில் விழிக்கும் சமுதாயம்

'பரீட்சை முடியட்டும், மார்க் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' இந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு நம் தெருவில் இருக்கிறதா? இந்த ஒரு வாக்கியம் எத்தனை வாசல்களை அடைத்திருக்கிறது என்று பாருங்கள்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. 2024இல் டிசம்பர் 1, 2025இல் டிசம்பர் 7. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் வாசல். நம் சமுதாயத்துக்கு வழக்கறிஞர்கள் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்தத் தேர்வின் பெயரையே ஜூன் மாதம்தான் கேள்விப்படுகிறோம்!

2025ஆம் ஆண்டு முதல் ஜே.இ.இ. தேர்வுக்கு விண்ணப்பம் 2024 அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. 2025 நீட் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடக்கும் கியூட் தேர்வுக்கு விண்ணப்பம் 2025 மார்ச்சில். இவை எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வருவதற்கு முன்பே முடிந்துபோன காரியங்கள்.

2025இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 8 அன்று வந்தது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பம் ஜூன் 6 வரை. ஆக, நாம் விழித்துக்கொள்ளும் நாளிலிருந்து கையில் இருப்பது ஒரு மாதம். அதே மாதத்தில்தான் அரசுக் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம், நம் சிறுபான்மைக் கல்லூரிகளின் தனி விண்ணப்பம், டி.சி. வாங்குதல், சான்றிதழுக்கு அலைதல் எல்லாம்! ஆண்டுக்கு ஆண்டு தேதி சற்று முன்பின் ஆகும். வரிசை மாறுவதில்லை.

இந்த மாதத்தில் தவறிப்போகும் சலுகைகளையும் கேளுங்கள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரியே இல்லையென்றால், முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. நம் தெருக்களில் இந்தத் தகுதி இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும்! ஆனால் அதற்கும் வட்டாட்சியர் அலுவலகச் சான்று வேண்டும், கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீதம், மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்தது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். வளைகுடாவிலோ வெளி மாநிலத்திலோ படித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பிறப்பிட, இருப்பிடச் சான்று கேட்பார்கள். எல்லாம் தாள்! தாள் எல்லாம் முன்கூட்டியே!

யாருடைய போன் நம்பர் அது?

பொறியியல் சேர்க்கைக்கு 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது, சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் நேரில் நின்று இடம் எடுத்தோம். 2018 முதல் எல்லாம் இணையத்தில். நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பிரௌசிங் சென்டருக்குப் போய் நூறோ இருநூறோ கொடுத்து, 'அண்ணே, நீங்களே போட்டு விடுங்க' என்கிறார்கள். அவர் தன்னுடைய போன் நம்பரைப் போடுகிறார். தன்னுடைய இமெயிலைப் போடுகிறார். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும்.

பிறகு தரவரிசை வருகிறது. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்லிச் செய்தி வருகிறது. தற்காலிக ஒதுக்கீடு வருகிறது. ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலுள்ள கல்லூரிக்குக் காத்திருக்கிறேன், மறுத்துவிட்டுக் காத்திருக்கிறேன் என்று ஏதாவது ஒன்றை ஓரிரு நாளில் உறுதி செய்ய வேண்டும். இந்தச் செய்திகள் யாருக்கு வருகின்றன? ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு விண்ணப்பம் போட்ட கடைக்காரரின் போனுக்கு! அவர் மறந்தால் அது அவர் குற்றமா, உன் வாழ்க்கைக்கு அவர் நம்பரைக் கொடுத்த உன் குற்றமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெளி மாநிலக் கல்லூரியில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வீடு தேடி வரும் புரோக்கர்கள். ஸலாம் சொல்லி, தஸ்பீஹ் மணியோடு வருகிறவர்களும் அதில் உண்டு. முன்பணம் கேட்பார்கள், ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். கொடுத்தால் தீர்ந்தது! நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தாலும் போக முடியாது. சரிபார்த்த பிறகு ஒரிஜினல்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவே உத்தரவிட்டிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை புரோக்கருக்கு எங்கிருந்து வந்தது?

"அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்களே!"

நியாயமான கேள்விதான். இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் நிராகரிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் விண்ணப்பித்து அக்டோபரில் நிராகரிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்யலாம், கோட்டாட்சியரைப் பார்க்கலாம், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் போய் நிற்கலாம், இயக்கமாகத் திரண்டு கேட்கலாம். கையில் ஒப்புகைச் சீட்டும் தேதியும் இருந்தால் எந்த அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் போய் நின்று கூப்பாடு போட்டால் என்ன கிடைக்கும்? ஆர்ப்பாட்டம் செய்து அனுமதி வாங்கும் முன் கடைசி நாள் போய்விடும். அநீதியை எதிர்க்கவும் அவகாசம் வேண்டும். தாமதமாகப் போகிறவன் எதிர்க்கும் உரிமையையும் சேர்த்து இழக்கிறான்.

தம்பிக்கும் தங்கைக்கும்

இனி உன்னோடு பேசுகிறேன். வாப்பா பார்த்துக்கொள்வார் என்று இருக்காதே. அவர் கடல் தாண்டி இருக்கிறார், அல்லது கடையில் இருக்கிறார். இது உன் காரியம்.

ஒரு ஃபைல் வாங்கு. அதில் ஒரிஜினல்கள் மட்டும். இன்னொரு உறையில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், பத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாத் தாளையும் தெளிவாக ஸ்கேன் செய்து உன் இமெயிலுக்கே அனுப்பி வை. உனக்கென்று ஒரு இமெயில், வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒரு போன் நம்பர். சேர்க்கை முடியும் வரை அந்த நம்பரை மாற்றாதே, ரீசார்ஜ் தீர விடாதே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. ஒரு தேர்வுக்கு அல்லது ஒரு கல்லூரிக்கு ஒரு பக்கம். மேலே பெயர். கீழே விண்ணப்பம் தொடங்கும் நாள், முடியும் நாள், கட்டணம், வேண்டிய தாள்கள், விண்ணப்ப எண், கட்டணம் கட்டிய ரசீது எண். முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தேதியைச் சிவப்பு மையில் எழுது. அதுதான் உன் கடைசி நாள். அரசு சொல்லும் கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொள்ளும், கடைசி நாளில் கரண்ட் போகும். கடவுச்சொல்லை உம்மாவுக்கும் தெரியும் இடத்தில் எழுதி வை, கடைக்காரரிடம் விட்டு வைக்காதே. பிரௌசிங் சென்டருக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் நீயே படித்துப் பார்த்த பிறகு அனுப்பு.

தங்கையே, உனக்கு இது இன்னும் அவசரம். அண்ணனுக்குத் தாள் இல்லையென்றால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். உனக்குத் தாள் இல்லையென்றால் 'மாப்பிள்ளை பார்க்கலாம்' என்பார்கள். ஒரு சான்றிதழ் கிடைக்காததைச் சாக்காக வைத்து எத்தனை பெண்பிள்ளைகளின் படிப்பு நிறுத்தப்பட்டது என்று நாங்கள் பார்த்தவர்கள். அந்தச் சாக்கை யாருக்கும் கொடுக்காதே.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களுக்கும்தான்!

ஜமாஅத் தப்தரைத் திறந்து பாருங்கள். யார் வீட்டில் எத்தனை மாதச் சந்தா பாக்கி, யாருக்கு நிக்காஹ் புத்தகம் கொடுக்கலாம், யாருக்கு நிறுத்தி வைக்கலாம் என்ற கணக்கெல்லாம் இருபது வருடத்துக்குத் துல்லியமாக இருக்கும். அதே முஹல்லாவில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் எத்தனை பேர்? எந்தப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கணக்கு?

நம் முன்னோர்கள் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியைத் தொடங்கினார்கள். 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி. கையிலிருந்ததைக் கொடுத்துக் கல்லூரி கட்டிய சமுதாயம், இன்று அந்தக் கல்லூரியின் வாசலுக்குப் பிள்ளையை உரிய தாளோடு அனுப்பத் தெரியாமல் நிற்கலாமா?

பெரிய செலவு கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் மாதத்தில் முஹல்லாவில் ஒரு பட்டியல். ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிட அறிவிப்பு. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும், கல்லூரியில் படிக்கும் இரண்டு இளைஞர்களும் சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் மதரஸா ஹாலில் உட்கார்ந்தால் போதும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே உட்காரட்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்குத் துணையாகத் தாலுகா ஆபீசுக்கு வர ஒரு ஆள். எங்கள் இயக்கத்தின் கிளைகளுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு பொதுக்கூட்டத்தின் மைக் செட்டுக்கும் சுவரொட்டிக்கும் ஆகும் செலவில் ஒரு முஹல்லாவின் அத்தனை பிள்ளைகளுக்கும் ஃபைல் போட்டுவிடலாம்.

'இதெல்லாம் மார்க்கத்தில் சேர்ந்ததா, உலக காரியம்தானே' என்று முணுமுணுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுத்தால் எழுதி வை, தவணையை எழுது, சாட்சி வை, சிறியதானாலும் எழுதச் சலிக்காதே என்று கற்றுக்கொடுக்கும் வசனம் அது. கடனுக்கே தாளும் தேதியும் இத்தனை முக்கியம் என்றால், நம் பிள்ளையின் உரிமைக்கு அது வேண்டாமா? ஓதி ஓதி மனனம் செய்தோம். எழுதி வைக்க மட்டும் ஏன் மறந்தோம்?

ஆகவே சொந்தங்களே, அடுத்த மாநாட்டுக்கு வாருங்கள், சதவீதத்தை உயர்த்தச் சொல்லிச் சேர்ந்தே முழங்குவோம். ஆனால் வரும்போது உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலையும் கையில் கொண்டு வாருங்கள். எத்தனை பெயருக்கு நேராகச் சான்றிதழ் தயார் என்று குறித்திருக்கிறது என்று அதைத்தான் நான் முதலில் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.

இன்றிரவே அந்தத் தகரப் பெட்டியைத் திறங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!